அத்தியாயம் 6: பழைய கணக்குக் கோப்புக்குள் என்ன இருக்கிறது?

கணினி செத்துவிட்டது. கணக்கு மென்பொருளை எழுதிக் கொடுத்தவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. மிஞ்சியது பென் டிரைவில் ஒரே ஒரு கோப்பு: கடை.டிபி, முப்பது சொச்சம் எம்பி. தறிக்காரர்களுக்குப் பாவு கொடுத்துச் சேலையாக வாங்கும் எந்தக் கடைக்கும் இந்த நிலைமை ஒருநாள் வரலாம்.

இந்த அத்தியாயத்துக்காக அப்படி ஒரு கடையை ஆரணியில் வைத்துக்கொள்வோம். ஊருக்குள்ளும் தேவிகாபுரத்திலும் ஒண்ணுபுரத்திலுமாக அறுபது தறி. ஒரு முதலாளி, நெடுங்காலம் பேரேடு எழுதிப் பழகிய ஒரு கணக்குப்பிள்ளை, கல்லூரி முடித்துவிட்டு வந்திருக்கும் முதலாளியின் தங்கை மகன். கடையும் அதன் எண்ணிக்கைகளும் கற்பனை. கோப்பில் வரும் சிக்கல்கள் அப்படியில்லை. சின்னக் கடைக்கென்று எழுதப்பட்ட எந்தத் தரவுத்தளத்தைத் திறந்தாலும் இவற்றில் பாதியாவது தலைகாட்டும்.

முதலாளிக்கு வேண்டியது இரண்டே விஷயம். "யாருக்கு எவ்ளோ அட்வான்ஸ் நிக்குது? எத்தனை பாவு தறியில கெடக்குது? அத மட்டும் எடுத்துக் குடுடா, போதும்."

பையனுக்குக் கை பரபரக்கும். கோப்பைத் திறந்து, அட்வான்ஸ் என்ற பெயரில் இருக்கும் பட்டியலைக் கூட்டி, ஒரு தொகையைச் சொல்லிவிடலாம். அந்தத் தொகை நிச்சயம் தவறாக இருக்கும். ஏன் என்பதைப் போகப்போகப் பார்ப்போம்.

கோப்புக்கு முன்னால் கடை

கருவியைத் தொடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, கடையில் சரக்கு எப்படி நகர்கிறது என்று எழுதுங்கள். முறுக்கிச் சாயம் போட்ட பட்டு நூல் பாவாகிறது. பாவும், ஊடைக்கான நூலும், ஜரிகையும் எடை போட்டுத் தறிக்காரருக்குப் போகின்றன. ஒரு பாவில் வழக்கமாக இரண்டு அல்லது மூன்று சேலை. நெய்த சேலை ஒவ்வொன்றாகத் திரும்பி வரும்போது மறுபடி எடை. கொடுத்ததும் வந்ததும் ஒத்துப்போக வேண்டும், கழிவு போக. கூலி போடும்போது முன்பு வாங்கிய அட்வான்ஸில் கொஞ்சம் பிடித்தம். பிறகு சேலை கடைக்காரருக்கு விற்பனை.

இவ்வளவுதான் தொழில். எந்த மென்பொருளாக இருந்தாலும் இதைத்தான் பதிந்திருக்க வேண்டும்: தறி, பாவு, சேலை, கூலி, அட்வான்ஸ், ஜரிகை, விற்பனை. இந்தத் தாள் கையில் இருந்தால், கோப்புக்குள் எதைத் தேடுகிறீர்கள் என்று தெரியும். இல்லாவிட்டால் கோப்பு காட்டுவதையெல்லாம் நம்ப வேண்டிவரும்.

பாவுதான் கட்டமைப்பு, ஊடைதான் தரவு என்று இங்கே ஒரு உவமை சொல்ல நாக்கு துடிக்கிறது. சொல்லப்போவதில்லை. தறியில் ஏறிய பாவின் இழை எண்ணிக்கையை நடுவில் மாற்ற முடியாது. தரவுத்தளத்தின் பட்டியலையோ, கடை ஓடிக்கொண்டிருக்கும்போதே அவசரத்தில் மாற்றியிருப்பார்கள். அந்த மாற்றங்களின் தடங்கள்தான் நமக்கு வேண்டியவை.

அது என்ன கோப்பு?

டிபி என்று முடிந்தால் எஸ்கியூலைட் கோப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர் 2000-இல் எழுதி வெளியிட்ட தரவுத்தள நிரல் இது. அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருள் வேலையில் அவர் இருந்தார். தரவுத்தள சர்வர் படுத்துவிட்டால் நிரலும் சேர்ந்து படுத்துவிடுகிறது என்பதுதான் அவருக்கு எரிச்சல். அதனால் சர்வரே இல்லாமல், மொத்தத் தரவையும் ஒரே கோப்பில் வைக்கும்படி செய்தார். காப்புரிமையும் கோராமல் பொதுச்சொத்தாக விட்டுவிட்டார். இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனுக்குள்ளும் அதுதான். சிறு கடை மென்பொருள் எழுதுபவர்களுக்கு இது பிடித்துப்போனதில் வியப்பில்லை. நிறுவ வேண்டியதில்லை, காசும் கிடையாது.

ஊகத்தை உறுதிசெய்யக் கோப்பின் நகலை நோட்பேடில் திறந்து பாருங்கள். முதல் வரியின் தொடக்கத்தில் 'எஸ்கியூலைட் ஃபார்மட் 3' என்று ஆங்கிலத்தில் தெளிவாக இருக்கும். பின்னால் வருவதெல்லாம் கிறுக்கல். கோப்பின் முதல் 16 பைட்டில் இந்த முத்திரை இருந்தே தீரும். அதற்குப் பதில் 'ஸ்டாண்டர்ட் ஜெட் டிபி' என்று தெரிந்தால் அது மைக்ரோசாஃப்ட் அக்சஸ். இந்த அத்தியாயம் உதவாது. தொடக்கமே கிறுக்கலாக இருந்தால் கடவுச்சொல் போட்டுப் பூட்டிய கோப்பாக இருக்கலாம். நோட்பேடை மூடும்போது 'சேமிக்கவா?' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நகல் என்றேன். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. கடை.டிபி பக்கத்திலேயே அதே பெயரோடு -வால் என்றும் -எஸ்ஹெச்எம் என்றும் முடியும் இரண்டு கோப்புகள் கிடந்தால், மூன்றையும் சேர்த்தே எடுங்கள். வால் கோப்பில் இருப்பது கடைசியாகப் பதிந்து இன்னும் தாய்க் கோப்பில் சேராத வரிகள். 'இது என்னவோ குப்பை' என்று அதை விட்டுவிட்டு வருகிறவர்கள், கடைசியாகப் போட்ட கூலியையும் சேர்த்து விட்டுவிட்டு வருகிறார்கள்.

கருவி

நமக்கு வேண்டியது எஸ்கியூலைட்3 என்ற கட்டளைவரி நிரல். உபுண்டுவில் எஸ்கியூலைட்3 என்ற பெயரிலேயே நிறுவிக்கொள்ளலாம், மேக் கணினியில் ஏற்கனவே இருக்கும், விண்டோஸுக்கு எஸ்கியூலைட் தளத்தின் பதிவிறக்கப் பக்கத்தில் 'டூல்ஸ்' என்ற பெயரில் ஒரு சுருக்கிய கோப்பு கிடைக்கும்.

இந்த நூலில் கட்டளைகளையும் தமிழ் எழுத்தில் ஒலிப்படி அச்சிட்டிருக்கிறோம். தட்டும்போது அந்தச் சொல்லுக்குரிய ஆங்கில எழுத்துகளைச் சிறிய வடிவில் தட்டுங்கள். முன்னால் இருக்கும் புள்ளி, அடிக்கோடு, அடைப்புக்குறி, கடைசியில் வரும் அரைப்புள்ளி எல்லாம் அப்படியே வேண்டும்.

எஸ்கியூலைட்3 -ரீட்ஒன்லி கடை.டிபி

ரீட்ஒன்லி என்பதை ஒருபோதும் விடாதீர்கள். உங்கள் கை தவறினாலும் கோப்பு கெடாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, கோப்பின் பெயரைத் தப்பாகத் தட்டினால் இந்த நிரல் சாதாரணமாகக் குறை சொல்லாது. அந்தப் பெயரில் ஒரு வெற்றுத் தரவுத்தளத்தைத் திறந்துவைத்துக்கொண்டு அமைதியாக இருக்கும். 'ஐயோ, எல்லாம் அழிந்துவிட்டது' என்று வியர்த்துப்போனவர்களில் பலர் பெயரில் ஓர் எழுத்தை விட்டவர்கள்தான். ரீட்ஒன்லி போட்டால், இல்லாத கோப்பைத் திறக்க முடியவில்லை என்று நேராகவே சொல்லிவிடும்.

இரண்டு வகைக் கட்டளைகள் உண்டு. புள்ளியில் தொடங்குபவை கருவிக்குச் சொல்பவை. அவற்றுக்கு அரைப்புள்ளி வேண்டாம். மற்றவை தரவுத்தளத்துக்குச் சொல்பவை. அரைப்புள்ளி இல்லாமல் முடியாது. அதை மறந்து எண்டர் அடித்தால் மூன்று புள்ளியும் ஒரு அம்புக்குறியும் காட்டிக் காத்திருக்கும். கணினி தொங்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஓர் அரைப்புள்ளி போட்டு எண்டர் அடியுங்கள், போதும்.

முதல் பார்வை

.டேபிள்ஸ்

நம் கற்பனைக் கடையில் இது காட்டுவது:

அட்வான்ஸ்   கூலி   கூலி_ஓல்டு   ஜரிகை_ஸ்டாக்   சேல்ஸ்   சேலை_ரிசீப்ட்   டெம்ப்1   தறி_மாஸ்டர்   பாவு_இஸ்யூ   பார்ட்டி

தாளில் எழுதியதோடு ஒப்பிடுங்கள். ஏறக்குறைய எல்லாம் இருக்கிறது. ஓல்டு என்றும் டெம்ப் என்றும் வருபவற்றை ஒதுக்கிவிடத் தோன்றும். ஒதுக்காதீர்கள். எழுதியவர் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை கூலிக் கணக்கைப் புதுப் பட்டியலுக்கு மாற்றியிருக்கிறார். பழையதை அழிக்கப் பயந்து பெயரை மட்டும் மாற்றி வைத்திருக்கிறார். அந்தத் தேதிக்கு முந்தைய கணக்கு அதில் மட்டும் இருக்கக்கூடும்.

தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதுவதில் நம் ஆட்களுக்கு ஒரு முறை என்று கிடையாது. பாவு என்பதை ஒரு 'ஏ' போட்டும் இரண்டு 'ஏ' போட்டும் எழுதலாம். கூலியை 'கே'யில் தொடங்குபவரும் உண்டு, 'சி'யில் தொடங்குபவரும் உண்டு. ஒரே கோப்பில் ஒரே ஆள் இரண்டையும் செய்திருப்பார். ஒரு சொல்லைத் தேடிக் கிடைக்கவில்லை என்றால் இல்லை என்று முடிவுகட்டாமல் பட்டியலை முழுதாகக் கண்ணால் ஓட்டிப் பாருங்கள்.

அடுத்து,

.ஸ்கீமா பாவு_இஸ்யூ

இது அந்தப் பட்டியலை உருவாக்கிய கட்டளையையே திருப்பிக் காட்டும்:

கிரியேட் டேபிள் பாவு_இஸ்யூ (
 ஐடி இண்டிஜர் பிரைமரி கீ,
 தறி_ஐடி இண்டிஜர் ரெஃபரன்சஸ் தறி_மாஸ்டர்(ஐடி),
 தேதி டேட்,
 எடை ரியல், -- கிராம்
 ஜரிகை ரியல், -- மார்க்
 சேலை_எண் இண்டிஜர் டிஃபால்ட் 3,
 ஸ்டேட்டஸ் இண்டிஜர்);

இதை அவசரமில்லாமல் வாசியுங்கள். ஒவ்வொரு பாவுக்கும் தனி எண் உண்டு. அது எந்தத் தறிக்குப் போனது என்பதைத் தறி_மாஸ்டர் பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். யாரும் எதுவும் நிரப்பாவிட்டால் ஒரு பாவுக்கு மூன்று சேலை என்று மென்பொருள் தானே எடுத்துக்கொள்ளும். இரண்டு சேலைப் பாவைப் போடும்போது மாற்ற மறந்திருந்தால்? அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கோடு போட்டு எழுதியிருக்கும் 'கிராம்', 'மார்க்' என்பவை எழுதியவர் தனக்காகப் போட்டுக்கொண்ட குறிப்புகள். எஸ்கியூலைட்டின் அருமையான குணங்களில் ஒன்று, பட்டியலை உருவாக்கிய கட்டளையை எழுத்து மாறாமல் சேமித்துவைப்பது. அடைப்புக்குறிக்குள் எழுதிய குறிப்பும் சேர்ந்தே தங்கிவிடும். நூலின் எடை கிராமில், ஜரிகை மட்டும் மார்க்கில் என்ற செய்தி நமக்கு இந்தக் கோட்டுக்குப் பின்னால்தான் கிடைத்தது. மார்க் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இது தெரியாமல் இரண்டு பத்திகளையும் கூட்டினால் ஜரிகைக் கணக்கு கந்தல்.

பட்டியலின் வயதையும் இங்கே படிக்கலாம். பின்னாளில் ஒரு புதுப் பத்தியைச் சேர்த்தால், அது பழைய கட்டளையின் வாலில், வரிசை ஒழுங்கு எதுவும் இல்லாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். சேல்ஸ் பட்டியலின் ஸ்கீமாவைக் கேட்டால் முதல் பத்துப் பத்திகள் அழகாக வரிக்கு ஒன்றாக வருகின்றன. பிறகு ஹெச்எஸ்என், ஜிஎஸ்டிஐஎன், ஜிஎஸ்டி விகிதம் மூன்றும் ஒரே வரியில் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தது 2017 ஜூலை 1. அதற்கு முன்பே பட்டியல் இருந்திருக்கிறது, அந்த அவசரத்தில் மூன்றையும் ஒட்டியிருக்கிறார்கள் என்று தேதி எதையும் பார்க்காமலே சொல்லிவிடலாம். முந்தைய வரிகளில் அந்தப் பத்திகள் காலியாக இருப்பதும் பிழையல்ல என்று புரியும்.

பத்திகளை மட்டும் அட்டவணையாகப் பார்க்க வேண்டுமானால்:

.மோட் பாக்ஸ்
பிராக்மா டேபிள்_இன்ஃபோ(பாவு_இஸ்யூ);

பிராக்மா என்பதைப் பி, ஆர், ஏ, ஜி, எம், ஏ என்று தட்டுங்கள். பத்தியின் பெயர், வகை, காலியாக விடலாமா கூடாதா, நிரப்பாவிட்டால் என்ன மதிப்பு, அடையாள எண்ணா இல்லையா என்று கட்டம் கட்டிக் காட்டும். டேபிள்_இன்ஃபோ என்ற இடத்தில் ஃபாரின்_கீ_லிஸ்ட் என்று போட்டால் எந்தப் பத்தி எந்தப் பட்டியலைச் சார்ந்தது என்பது வரும். இண்டெக்ஸ்_லிஸ்ட் போட்டால், வேகமாகத் தேடுவதற்காக எந்தெந்த அட்டவணைக்குறி போட்டிருக்கிறார்கள் என்பது வரும். கடையில் எதை அடிக்கடி தேடினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல தடயம் இல்லை. தறிக்காரர் பெயருக்கு இருக்கிறது, பாவின் ஸ்டேட்டஸுக்கு இல்லை என்றால், 'தறியில எத்தனை பாவு' என்ற கேள்வியை இந்த மென்பொருளிடம் யாரும் அதிகம் கேட்டதில்லை. கணக்குப்பிள்ளையின் மனதில் இருந்திருக்கும்.

பெயர் எதுவும் சொல்லாமல் வெறும் .ஸ்கீமா என்று கேட்டால் மொத்தமும் வரும். அதன் நடுவே கிரியேட் டிரிக்கர் என்று தொடங்கும் பகுதி இருந்தால் நின்று படியுங்கள். பாவு_இஸ்யூவில் ஒரு வரி சேர்ந்தால் ஜரிகை இருப்பில் தானாகக் கழித்துவிடு என்பது போன்ற உத்தரவு அதில் ஒளிந்திருக்கும். சோதனைக்காக ஒரு வரி சேர்த்துப் பார்க்கலாம் என்று நினைப்பவருக்கு ஜரிகை இருப்பு ஏன் குறைந்தது என்பது கடைசிவரை விளங்காது. ரீட்ஒன்லிக்கு இன்னொரு காரணம்.

வகை என்பது வெறும் ஆசை

இதுவரை பார்த்தது, எழுதியவர் கடையை எப்படி நினைத்தார் என்பது. கடை உண்மையில் எப்படி நடந்தது என்பது வரிகளில் இருக்கிறது. இரண்டும் விலகும் இடத்தில்தான் பணம் தொலைந்திருக்கும். பல வழிகாட்டிகள் ஸ்கீமாவோடு நிறுத்திக்கொள்கின்றன. நான் அங்கிருந்துதான் தொடங்கச் சொல்வேன். எஸ்கியூலைட் விஷயத்தில் இது இரட்டிப்பாகப் பொருந்தும். ஏனென்றால் பத்திக்குப் போட்ட வகையை அது கறாராகப் பின்பற்றுவதில்லை. எடை ரியல் என்று எழுதியிருந்தாலும் அந்தப் பத்தியில் '1.2 கிலோ' என்று ஒருவர் எழுத்தாகத் தட்டினால் மறுக்காமல் வாங்கிவைத்துக்கொள்ளும். முப்பது எழுத்து என்று வரம்பு போட்டிருந்தாலும் முந்நூறு எழுத்தை ஏற்கும். இது குறையல்ல, வேண்டுமென்றே செய்தது என்பது அதை உருவாக்கியவர்களின் கட்சி.

ஆகவே ஒவ்வொரு முக்கியப் பத்தியையும் இப்படி விசாரியுங்கள்:

செலக்ட் டைப்ஆஃப்(எடை), கவுண்ட்(*), மின்(எடை), மேக்ஸ்(எடை) ஃப்ரம் பாவு_இஸ்யூ குரூப் பை 1;

நம் கடையில் 4,112 வரி எண்ணாக வருகிறது. 37 வரி எழுத்தாக. 9 வரி காலி. எண்ணாக வந்தவற்றில் மிகச் சிறியது 1.15. கிராம் என்றல்லவா குறிப்பு சொன்னது? ஒரு கிராம் சொச்சத்தில் பாவு ஏது! யாரோ சில நாள் கிலோவில் தட்டியிருக்கிறார்கள். தீபாவளிக்கு முன் ஆளில்லாமல் வேறொருவர் உட்கார்ந்திருப்பார்.

வகையின் பெயரில் ஒரு பொறி உண்டு. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். தறி_மாஸ்டர் பட்டியலில் தறிக்காரரின் வங்கிக் கணக்கு எண்ணுக்கு 'ஸ்ட்ரிங்' என்று வகை போட்டிருக்கிறார் எழுதியவர். எழுத்துத் தொடர் என்ற பொருளில்தான் போட்டார். ஆனால் எஸ்கியூலைட்டின் விதிப்படி டெக்ஸ்ட், சார், க்ளாப் என்ற சொற்களில் ஒன்று வகையின் பெயரில் இருந்தால்தான் அது எழுத்துப் பத்தி. ஸ்ட்ரிங் அந்தக் கணக்கில் வராது. எண்ணாக மாற்ற முடிந்ததை எண்ணாக மாற்றிவிடும். சுழியில் தொடங்கும் கணக்கு எண்ணை உள்ளே போட்டால் முன்னால் இருக்கும் சுழிகள் உதிர்ந்துவிடும். உதிர்ந்தவை கோப்பில் எங்கும் இல்லை; பாஸ்புக்கைப் பார்த்துத்தான் திருத்த வேண்டும். கூலியை வங்கியில் போடும் கடைக்கு இது விளையாட்டல்ல. 'ஃப்ளோட்டிங் பாயிண்ட்' என்று வகை எழுதினால் முழுஎண் பத்தியாகிவிடும் என்பது இதே விதியின் இன்னொரு கூத்து. 'பாயிண்ட்' என்ற சொல்லுக்குள் 'இண்ட்' இருக்கிறதே!

தேதிக்கு எஸ்கியூலைட்டில் தனி வகையே கிடையாது. டேட் என்று போட்டிருப்பது அலங்காரம். வரிகளில் 05-11-2015 என்று நாள் முதலாக இருந்தால், வரிசைப்படுத்தும்போது வருடத்தை விட்டுவிட்டு நாளை வைத்து அடுக்கும். 'கடைசியாகக் கொடுத்த பாவு எது?' என்று கேட்டால் ஏதோ ஒரு வருடத்தின் முப்பத்தொன்றாம் தேதியைக் காட்டும்.

பெயர்ப் பத்தியைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கிடக்கின்றனவா? கோப்பு கெடவில்லை. யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு எழுத்துருவும் ஒவ்வொரு விதமாகத் தமிழைக் குறித்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற குறியேற்றங்களைத் தரமாக அறிவித்தது. ஆனாலும் டிடிபி கடைகளில் பாமினி அசையவில்லை. பாமினியில் மெய்யெழுத்துப் புள்ளிக்கு அரைப்புள்ளி விசை. பெயர்களுக்குள் அரைப்புள்ளியாக இறைந்து கிடந்தால் அநேகமாகப் பாமினிதான். எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டால் பெயர் வெளியே வரும். யூனிகோடிலேயே இருந்தாலும் விண்டோஸின் கறுப்புத் திரை தமிழைக் கட்டம் கட்டமாகக் காட்டக்கூடும். அதோடு மல்லுக்கட்டாமல், .அவுட்புட் என்று போட்டு ஒரு கோப்புப் பெயரைக் கொடுத்து, விடையை அந்தக் கோப்புக்குத் திருப்பி, நோட்பேடில் படியுங்கள்.

பெயரில்லாத தறிக்காரர்கள்

இப்போது முதலாளியின் முதல் கேள்வி. ஸ்கீமாவில் தறி_ஐடி என்பது தறி_மாஸ்டரைச் சார்ந்தது என்று எழுதியிருந்தது. அப்படியானால் தறி_மாஸ்டரில் இல்லாத ஒருவர் பெயரில் பாவோ அட்வான்ஸோ இருக்க முடியாது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் இந்தச் சார்பு விதியை எஸ்கியூலைட் தானாக அமல்படுத்துவதில்லை. மென்பொருள் ஒவ்வொரு முறை கோப்பைத் திறக்கும்போதும் 'விதியைப் பார்' என்று சொல்ல வேண்டும். பலர் சொல்வதில்லை. மீறல்களை ஒரே அடியில் பிடிக்க:

பிராக்மா ஃபாரின்_கீ_செக்;

ஒன்றும் காட்டாமல் அடுத்த வரிக்கு வந்தால் மீறல் இல்லை. எதையாவது காட்டினால், முதல் பத்தி மீறிய பட்டியல், இரண்டாவது வரியின் எண், மூன்றாவது எந்தப் பட்டியலில் ஆளைக் காணோம் என்பது. ஆனால் இது ரெஃபரன்சஸ் என்று எழுதிவைத்த சார்புகளை மட்டுமே சோதிக்கும். நம் கடையின் அட்வான்ஸ் பட்டியலில் அப்படி எழுதவே இல்லை. தறி_ஐடி என்ற பெயரைப் பார்த்து நாம்தான் ஊகிக்கிறோம். அங்கே நாமே கேட்க வேண்டும்:

செலக்ட் அ.ஐடி, அ.தறி_ஐடி, அ.தொகை ஃப்ரம் அட்வான்ஸ் அ லெஃப்ட் ஜாயின் தறி_மாஸ்டர் த ஆன் த.ஐடி = அ.தறி_ஐடி வேர் த.ஐடி இஸ் நல்;

பதினொரு வரி வருகிறது. பணம் வாங்கியிருக்கிறார்கள்; ஆள் யாரென்று இல்லை. நடந்தது இதுதான்: நெசவை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனவர்களின் பெயரைப் பட்டியலிலிருந்து யாரோ நீக்கியிருக்கிறார்கள். மென்பொருள் தந்த பாக்கி அறிக்கை பெயரையும் தொகையையும் இணைத்துக் காட்டுவது. பெயர் இல்லாததால் தொகையும் அறிக்கையிலிருந்து மறைந்துவிட்டது. வருடக்கணக்காக முதலாளி பார்த்த பாக்கித் தொகை குறைவாகவே இருந்திருக்கிறது. பட்டியலை நேராகக் கூட்டினாலும் சரிவராது, பிடித்தம் எல்லாம் கூலியிலும் கூலி_ஓல்டிலுமாக இரண்டு இடத்தில் கிடக்கின்றன. பையன் தொடக்கத்திலேயே ஒரு தொகையைச் சொல்லியிருந்தால் தவறாகியிருக்கும் என்றது இதனால்தான்.

இரண்டாவது கேள்வி, தறியில் கிடக்கும் பாவு. ஸ்டேட்டஸ் பத்தியில் என்னென்ன மதிப்பு வருகிறது என்று எண்ணிப் பார்த்தால் 1, 2, 3, பிறகு திடீரென 9. எந்த ஸ்கீமாவும் இதற்குப் பொருள் சொல்லாது. நிரலுக்குள் எங்கோ இருந்தது, நிரல் இப்போது இல்லை. ஒவ்வொரு மதிப்புக்கும் நான்கைந்து பாவு எண்ணையும் தேதியையும் எடுத்துத் தாளில் எழுதிக்கொண்டு, தெரிந்த ஆளிடம் போக வேண்டியதுதான்.

"கணக்கய்யா, இந்தப் பாவுக்கெல்லாம் ஒன்பதுன்னு போட்டிருக்கு. சேலையும் வரலை, முடிஞ்சதுன்னும் இல்லை. என்னங்கய்யா இது?"

கணக்குப்பிள்ளை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தாளைப் பார்க்கிறார். "இது ஒண்ணுபுரத்துத் தறி. பாதி நெஞ்சிட்டு முடியாமப் போச்சு அவருக்கு. பாவைத் திருப்பி வாங்கி இன்னொருத்தர் தறியில ஏத்தினோம். ஏத்தின பாவுக்குப் புது நம்பர் போடும் அந்த மிசினு. பழைய நம்பருக்கு ஒம்போது."

அதாவது 9 என்பதையும் சேர்த்து எண்ணினால் ஒரே பாவு இரண்டு முறை எண்ணப்படும். இந்த ஒரு தகவலைக் கண்டுபிடிக்கக் கோப்புக்குள் ஒரு வாரம் துழாவினாலும் முடியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு நிமிடம். கணக்குப்பிள்ளை ஓய்வு பெறுவதற்குள் எல்லாப் பட்டியலுக்கும் இப்படி உட்கார்ந்துவிடுங்கள்.

முடிக்கும் முன்

பார்த்ததைத் தொலைக்காமல் வைக்க, கருவிக்கு வெளியே வந்து ஒரே வரி:

எஸ்கியூலைட்3 -ரீட்ஒன்லி கடை.டிபி .ஸ்கீமா > அமைப்பு.டெக்ஸ்ட்

இந்தக் கோப்பை அச்செடுத்து, ஒவ்வொரு பத்திக்கும் எதிரே பொருளையும் அலகையும் சந்தேகத்தையும் பேனாவால் எழுதுங்கள். புது மென்பொருள் எழுத வருபவரிடம் முதலில் கொடுக்க வேண்டியது இந்தத் தாள்தான். தரவுக் கோப்பு பிறகு. பட்டியல்களை ஏதாவது இணையதளத்தில் ஏற்றிப் பார்க்கலாம் என்ற யோசனை வந்தால் கைவிடுங்கள். அதில் அறுபது குடும்பங்களின் பெயரும் வங்கிக் கணக்கும் கடனும் இருக்கின்றன. கட்டளைவரியைக் கற்றுக்கொள்ளச் சொல்வதற்கு எனக்கு இதுவே போதுமான காரணம்: கோப்பு உங்கள் கணினியை விட்டு வெளியே போவதில்லை.

வேறு வகைத் தரவுத்தளம் வாய்த்தாலும் செய்முறை இதுவே, சொற்கள்தான் மாறும். மைஎஸ்கியூஎல்லில் ஷோ டேபிள்ஸ், டிஸ்க்ரைப். போஸ்ட்கிரெஸ்ஸில் பின்சாய்கோடு போட்டு 'டிடி', 'டி'. அவை வகை விஷயத்தில் எஸ்கியூலைட்டைவிடக் கறார். ஆனாலும் ஒன்பதுக்கு என்ன பொருள் என்று அவையும் சொல்லமாட்டா.

.க்விட்

பையன் அந்தப் பதினொரு வரிகளையும் தேதி, தொகையோடு எழுதி எடுத்துப்போனான். கணக்குப்பிள்ளை பரணிலிருந்து பழைய பேரேடுகளை இறக்கச் சொன்னார். தொகையையும் தேதியையும் வைத்து ஏழு பேரைக் கண்டுபிடித்தார். அதில் இருவர் பாக்கியைக் கையில் திருப்பிக் கொடுத்திருந்தார்கள், பேரேட்டில் வரவு இருந்தது, கணினியில் ஏறவில்லை. மிச்சம் நான்கு வரிகளை முதலாளி தனித் தாளில் எழுதி, மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.